ஒலிபெருக்கியின் கீச்சொலியும் சூடாகும் பூமியும்: டித்வாவுக்குப் பின் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டுச் சென்றது. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் விஞ்ஞான பாடவேளையில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், உலகம் ஒன்றரைப் பாகை சூடானா பெரிய ஆபத்தெண்டு சொல்றாங்க. எங்கட வகுப்பறையிலயே காலையில இருந்து பகலுக்குள்ள ஏழெட்டுப் பாகை கூடுதே. அந்த ஒன்றரைக்கு ஏன் இவ்வளவு பயம்?"

நியாயமான கேள்வி. அந்த மாணவன் மட்டுமல்ல, ஜும்ஆவுக்குப் பின்னர் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசும் பெரியவர்களும் இதையே வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். "எங்கட வாப்பா காலத்திலயும் வெள்ளம் வந்ததுதானே" என்கிறார் ஒருவர். "இது அல்லாஹ்வின் ஏற்பாடு, இதில் விஞ்ஞானம் பேசி என்ன ஆகப்போகிறது" என்கிறார் இன்னொருவர். "நாங்கள் சின்ன நாடு, புகை விடுவது அமெரிக்காவும் சீனாவும்" என்பது மூன்றாமவரின் வாதம்.

இந்த நான்கு பேச்சுக்கும் விடை தேட வேண்டுமானால், காலநிலை விஞ்ஞானத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான ஒரு விடயத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் பின்னூட்டல்.

ஆறு பாகையில் ஒரு கடல் மறைந்திருந்தது

முதலில் மாணவனின் கேள்வி. வகுப்பறையில் காலைக்கும் பகலுக்கும் இடையில் கூடுவது ஓர் இடத்தின் வெப்பநிலை. ஒன்றரைப் பாகை என்பது முழு உலகின், முழு வருடத்தின் சராசரி. இவ்விரண்டும் ஒன்றல்ல.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகின் சராசரி வெப்பநிலை கைத்தொழில் யுகத்திற்கு முந்திய நிலையை விட ஆறு பாகை அளவில்தான் குறைவாக இருந்தது. அந்த ஆறு பாகைக்குள் வட அமெரிக்காவின் பெரும்பகுதி கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனியால் மூடப்பட்டிருந்தது. கடல் மட்டம் இன்றையதை விட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. மன்னாருக்கும் இராமேஸ்வரத்திற்கும் இடையில் கடல் இருக்கவில்லை, தரைதான் இருந்தது. இலங்கை ஒரு தீவாகவே இருக்கவில்லை.

ஆகவே, சராசரியில் ஆறு பாகை என்பது ஒரு நாட்டைத் தீவாக்கவும் தீவை நாட்டோடு இணைக்கவும் போதுமான அளவு. கைத்தொழில் யுகத்திற்கு முந்திய நிலையுடன் ஒப்பிடும்போது 2024ஆம் ஆண்டு 1.55 பாகை அளவில் கூடுதலாக வெப்பமடைந்திருந்ததாக உலக வளிமண்டலவியல் அமைப்பு அறிவித்தது. அளவீடுகள் உள்ள காலத்தில் மிகச் சூடான ஆண்டு அதுவே. அந்த ஆறில் கால்பங்கைத் தாண்டிவிட்டோம். பனியுகம் விலக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தன. நாம் இதைச் செய்ய எடுத்தது ஒன்றரை நூற்றாண்டு.

இதில் இன்னொரு புதிர் உண்டு. பனியுகங்களைத் தொடக்கி வைப்பதும் முடித்து வைப்பதும் பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் ஏற்படும் சிறிய மாற்றங்கள். அவற்றால் மட்டும் ஆறு பாகை மாற்றம் வராது. சிறிய தள்ளுதலைப் பெரிய மாற்றமாக்கிய ஏதோ ஒன்று இடையில் இருந்தது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லும் பாடம்

அந்த ஏதோ ஒன்றை நாம் எல்லோரும் காதால் கேட்டிருக்கிறோம். பயான் தொடங்கும் முன்னர் ஒலிவாங்கியைச் சரிசெய்யும்போது திடீரென்று காதைத் துளைக்கும் ஒரு கீச்சொலி எழும். யாரும் கத்தவில்லை. ஒலிவாங்கியில் விழுந்த ஒரு சிறு சத்தம் ஒலிபெருக்கியால் பெருப்பிக்கப்பட்டு வெளியே வருகிறது. அது மறுபடியும் ஒலிவாங்கிக்குள் புகுகிறது, மறுபடியும் பெருக்கிறது. விளைவே காரணமாக மாறிச் சுற்றிச் சுற்றி வளர்கிறது. இதுதான் பின்னூட்டல். முஅத்தின் ஓடிப்போய்ச் சத்தத்தின் அளவைக் குறைக்கிறார், அல்லது ஒலிவாங்கியை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி வைக்கிறார். வட்டம் அறுபடுகிறது, சத்தம் அடங்குகிறது.

விளைவு திரும்பி வந்து காரணத்தை வலுப்படுத்தினால் அது நேர்ப் பின்னூட்டல். தணித்தால் எதிர்ப் பின்னூட்டல். 'நேர்' என்றால் நல்லது என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். காலநிலையில் நேர்ப் பின்னூட்டல் பெரும்பாலும் கெட்ட செய்தி.

காலநிலையில் மிகப் பெரிய நேர்ப் பின்னூட்டல் நீராவி. காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. நீராவியும் காபனீரொட்சைட்டைப் போல வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பச்சைவீட்டு வாயு. எனவே காபனீரொட்சைட்டு காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று கூடுதல் நீராவியைச் சுமக்கிறது, அந்த நீராவி காற்றை மேலும் சூடாக்குகிறது. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் போல.

இதை 1967இல் முறையாகக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் சியுகுரோ மனாபே. 2021இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இது வெறும் கணினிக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு இயற்கையே ஒரு பரிசோதனையைச் செய்து காட்டியது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அதன் துணிக்கைகள் சூரிய ஒளியை மறைத்ததால் உலகம் ஏறத்தாழ அரைப் பாகை குளிர்ந்தது. குளிர்ந்த காற்றில் நீராவி குறைந்திருந்ததைச் செய்மதிகள் அளந்தன. நீராவிப் பின்னூட்டலைச் சேர்த்துக் கணக்கிட்ட மாதிரிகள் அந்தக் குளிர்ச்சியைச் சரியாகக் காட்டின. அதை நீக்கிக் கணக்கிட்டபோது குளிர்ச்சி போதவில்லை.

ஒரு சிறிய கணக்கு

சாதாரண தர மாணவனுக்கு விளங்கக்கூடிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். கைத்தொழில் யுகத்திற்கு முன்னர் காற்றில் ஒரு மில்லியன் பங்கில் 278 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. அது இரட்டிப்பானால், எந்தப் பின்னூட்டலும் இல்லையென்று வைத்துக்கொண்டால், பூமி ஏறத்தாழ 1.2 பாகை சூடாகும். இதில் பெரிய விவாதம் இல்லை. சூடான பொருள் கூடுதல் வெப்பத்தை வெளிவிடும் என்ற இயற்கையின் அடிப்படைத் தடுப்பும் இந்த 1.2 இற்குள் அடங்கியிருக்கிறது.

இப்போது பின்னூட்டல்களைச் சேர்ப்போம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், ஏற்படும் ஒவ்வொரு பாகையும் திரும்பி வந்து இன்னும் 0.6 பாகையைச் சேர்க்கிறது என்று கொள்வோம். 1.2 பாகை சூடு 0.72ஐக் கொண்டுவரும். அந்த 0.72 மறுபடி 0.43ஐக் கொண்டுவரும். அது 0.26ஐ. இப்படியே குறைந்து குறைந்து போகும் தொடரைக் கூட்டினால் வருவது 3 பாகை. காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்ன சிறந்த மதிப்பீடும் 3 பாகைதான். பெரும்பாலும் 2.5 முதல் 4 வரை என்றும் அது சொன்னது.

இந்தக் கணக்கில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, 0.6 என்பது ஒன்றை விடக் குறைவு. ஆகவே தொடர் ஓரிடத்தில் அடங்குகிறது. பூமி நாளைக்கே வெள்ளிக் கிரகம் போல எரியப் போவதில்லை. யூடியூப்பில் உலக முடிவைத் திகதி குறித்துச் சொல்பவர்களை நம்பத் தேவையில்லை.

இரண்டாவது பாடம் கவலைக்குரியது. அந்த 0.6 உண்மையில் 0.5 ஆக இருந்தால் விடை 2.4 பாகை. 0.7 ஆக இருந்தால் 4 பாகை. பெருக்கத்தில் ஏற்படும் சிறு கூடுதல், விளைவில் பெரிய தாவலாக வருகிறது. கீச்சொலிக்குச் சற்று முன்னர் ஒலிபெருக்கியின் பொத்தானை ஒரு மயிரிழை திருப்பினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். விஞ்ஞானிகளுக்கிடையில் 'உறுதியில்லை' என்று சொல்லப்படும் பகுதி பெரும்பாலும் இதுதான். அந்த உறுதியின்மை நமக்கு ஆறுதல் தரும் பக்கத்தில் மட்டும் இல்லை.

மற்றைய வட்டங்கள்

ஆர்க்டிக் கடலை மூடிய பனி, விழும் சூரிய ஒளியில் பாதிக்கும் மேல் திருப்பி அனுப்புகிறது. பனி உருகினால் கீழிருந்து தெரியும் கருங்கடல் 94 சதவீதம் அளவில் உறிஞ்சிக்கொள்கிறது. கடல் சூடாகிறது, இன்னும் பனி உருகுகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பிரதேசம் உலக சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேகம் சிக்கலானது. தாழ்ந்த மேகம் குடையாகி நிழல் தரும், உயர்ந்த மேகம் போர்வையாகி வெப்பம் காக்கும். நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட இவ்விடயத்தில், மொத்தத்தில் மேகங்களும் சூட்டைக் கூட்டும் பக்கத்திலேயே நிற்கின்றன என்பது இன்றைய மதிப்பீடு.

இன்னொரு வகை வட்டம் மேலே போட்ட கணக்கிற்குள் இல்லை. அது காபனீரொட்சைட்டின் அளவையே கூட்டும் வட்டம். சைபீரியா, அலாஸ்கா, கனடா ஆகிய இடங்களின் உறைநிலத்தில் சுமார் 1,500 பில்லியன் தொன் காபன் புதைந்து கிடக்கிறது. இன்று முழு வளிமண்டலத்திலும் உள்ள காபனை விட இது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். நிலம் இளக நுண்ணுயிர்கள் அதை உண்டு காபனீரொட்சைட்டாகவும் மெதேனாகவும் வெளியிடுகின்றன. இது குண்டு வெடித்தது போல ஒரே நாளில் நடக்காது. ஆனால் தொடங்கியதை மனிதக் கையால் மறுபடி உறைய வைக்கவும் முடியாது.

இதுவரை நமக்குப் பெரும் உதவி செய்து வந்தவை கடலும் காடும். நாம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ பாதியை அவை இரண்டும் வாங்கிக்கொள்கின்றன. அல்லாஹ் அமைத்து வைத்த மீஸான், அதாவது சமநிலை, என்று நாம் சொல்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் குறைவு. ஆனால் வறட்சியில் வாடும் காடு குறைவாகவே உறிஞ்சும், தீப்பிடித்தால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். சூடான கடல்நீரில் வாயு கரைவது குறையும். சூடான சோடாப் போத்தலைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

2023இற்கும் 2024இற்கும் இடையில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு ஒரே வருடத்தில் 3.5 பங்கு கூடி 423.9ஐத் தொட்டது. 1957இல் நவீன அளவீடு தொடங்கியதிலிருந்து கண்ட மிகப் பெரிய வருடாந்த அதிகரிப்பு அது. எரிபொருள் பாவனையுடன் காட்டுத்தீயும், கடலும் தரையும் உறிஞ்சும் திறன் குறைந்ததும் இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக வளிமண்டலவியல் அமைப்பு கூறியது. எல் நினோ ஆண்டின் தற்காலிக விளைவாகவும் இது இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று துஆச் செய்வோம். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

நமது கடலில் என்ன நடக்கிறது?

வெப்பமண்டல இந்து சமுத்திரம் 1950 முதல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.12 பாகை வீதம் சூடாகி வந்திருக்கிறது. இதன் மேல் ஒரு திரையும் தொங்குகிறது. 1999இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு இந்து சமுத்திர ஆய்வுத் திட்டம் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்திரன் இராமநாதன். தெற்காசியாவின் விறகடுப்பு, வாகனம், தொழிற்சாலை ஆகியவற்றின் புகை, பழுப்பு நிற மேகமாகக் கடலின் மேல் மிதப்பதை அந்த ஆய்வு உலகிற்குக் காட்டியது. இத்தூசு நுரையீரலைக் கெடுக்கிறது. ஆனால் கடலில் விழும் ஒளியையும் ஓரளவு மறைக்கிறது. காற்றைச் சுத்தமாக்கத்தான் வேண்டும். சுத்தமாகும்போது அதுவரை மறைந்திருந்த சூட்டின் ஒரு பகுதி வெளிப்படும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி டித்வா. ஒரு தனிப் புயலை 'காலநிலை மாற்றம் உருவாக்கியது' என்று சொல்வது பிழை. அந்தக் காலத்தில் லா நினா நிலையும் இந்து சமுத்திரத்தின் மறை இருமுனை நிலையும் நமது பிராந்தியத்திற்கு மழையைக் கூட்டும் விதத்தில் இருந்தன. சரிவுகளை வெட்டி வீடு கட்டியதும் ஓடைகளை மூடிக் கடை கட்டியதும் நாம் செய்தவை. ஆனால் சூடான கடல் கூடுதல் நீராவியைக் கொடுத்தது, அந்த நீராவி மழையாக ஒடுங்கும்போது வெளிவிட்ட மறைவெப்பம் முகிற்கூட்டத்திற்கு மேலும் வலுவூட்டியது என்பதில் சந்தேகமில்லை. டித்வா காற்றால் அழித்த புயலல்ல, தண்ணீரால் அழித்த புயல். அது வேகமாகக் கடந்து போகாமல் நாட்டின் மேல் தங்கி நகர்ந்தது.

மலைப்பகுதிகளில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்தது. இந்த எண்ணை வீட்டுக் காணிக்கு மாற்றிப் பாருங்கள். பத்துப் பேர்ச் காணியில் மட்டும் 75,000 லீற்றர் தண்ணீர். ஐயாயிரம் லீற்றர் பவுசரில் பதினைந்து பவுசர். உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மலைச்சரிவில் எத்தனை பத்துப் பேர்ச்கள் இருக்கின்றன?

600இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலக வங்கி நேரடிச் சேதத்தை மட்டும் 4.1 பில்லியன் அமெரிக்க டொலராக, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 4 சதவீதம் அளவில், மதிப்பிட்டது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் மக்கள் இரவோடிரவாக வெளியேற நேர்ந்தது. கண்டி மாவட்டம் பட்ட அடி சொல்லி மாளாது.

பள்ளிவாசல் முற்றத்துப் பேச்சுகளுக்கு விடை

"வாப்பா காலத்திலயும் வெள்ளம் வந்தது" என்பது உண்மை. ஆனால் பின்னூட்டல் உள்ள உலகில் நேற்றைய வெள்ளத்தின் அடையாளக் கோடு நாளைய வெள்ளத்திற்கு அளவுகோலாகாது. சுவரில் வாப்பா காட்டிய கோட்டுக்கு இரண்டடி மேலே வீட்டைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்கிய காலம் முடிந்துவிட்டது. பிங்கா ஓயா ஓரத்தில் அக்குறணை வர்த்தகர்கள் ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னரும் கடையைக் கழுவி, அதே தரைத்தளத்தில் அதே சரக்கை அடுக்குகிறார்கள். அவர்களின் மனவுறுதி பாராட்டத்தக்கது. ஆனால் அதே கணக்குக்குள் நின்றுகொண்டு நட்டத்தைத் தவிர்க்க முடியாது.

"அல்லாஹ்வின் ஏற்பாடு" என்பதும் உண்மை. அதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை. ஆனால் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய செய்தி வழியில் எட்டியபோது கலீஃபா உமர் (ரழி) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாம் கொரோனாக் காலத்தில் எத்தனையோ குத்பாக்களில் கேட்டோம். ஆலோசனை கேட்டார்கள், படையைத் திருப்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டபோது, திரும்பிச் செல்வதும் அல்லாஹ்வின் விதிக்குள்தான் என்பதை விளக்கினார்கள். நீராவிக்கு 7 சதவீதம் என்ற விதியை அமைத்தவனும் அல்லாஹ்தான். அவன் அமைத்த விதியைப் படித்து அதற்கேற்ப வீட்டை இடம் மாற்றுவது ஈமானுக்கு எதிரானதல்ல.

"நாங்கள் சின்ன நாடு" என்பதும் கணக்கின்படி சரி. உலகின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் இலங்கையின் பங்கு 0.1 சதவீதத்திற்கும் குறைவு. அதனால்தான் 2022இல் ஷர்ம் அல்-ஷேக்கில் இணங்கப்பட்ட இழப்பு, சேத நிதியத்திலிருந்து நாம் கேட்பது பிச்சையல்ல, உரிமை. ஆனால் இந்த வாதத்தைச் சொல்லும்போது நமக்கு நேர்மையும் வேண்டும். நம்மில் எத்தனையோ வீடுகள் வளைகுடா உழைப்பில் எழுந்தவை. அந்த உழைப்புக்குச் சம்பளம் தந்தது எண்ணெய். எண்ணெய் விற்கும் முஸ்லிம் நாடுகளும் இந்தக் கணக்கில் உள்ளன. 2015இல் இஸ்தான்புலில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் தமது காலநிலைப் பிரகடனத்தில் வசதி படைத்த நாடுகளையும் எண்ணெய் உற்பத்தி நாடுகளையும் பெயர் சொல்லியே அழைத்து, இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வாயு வெளியேற்றத்தை நிறுத்தும்படி கேட்டார்கள். 2024 ஜூனில் ஹஜ்ஜின்போது மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 பாகை பதிவானது. 1,301 ஹாஜிகள் உயிரிழந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. புகைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொல்ல முடியும்?

நமது நாட்டுக்குள்ளேயே ஒரு பின்னூட்டல் ஓடுகிறது. வறட்சி வந்தால் மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றுகின்றன, நீர்மின் குறைகிறது. அந்த இடைவெளியை நிரப்ப 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் எண்ணெய் மின்நிலையங்களும் கூடுதலாக எரிகின்றன. அதே சூட்டில் குளிரூட்டிகளும் கூடுதலாக ஓடுகின்றன. நிலக்கரிப் புகையோடும் சாம்பலோடும் வாழ்பவர்கள் கற்பிட்டி, புத்தளப் பக்கத்து மக்கள். அவர்களில் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு அங்கு குடியேறிய நமது சகோதரர்களும் உள்ளனர்.

வட்டத்தை எங்கே அறுப்பது?

சைபீரியாவின் உறைநிலத்தை நாம் தொட முடியாது. நம் கையெட்டும் இடங்கள் வேறு.

முதலாவது, மீள்கட்டுமானம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த இடத்தில் ஸகாத் பணத்திலோ நன்கொடையிலோ வீடு கட்டிக் கொடுப்பது உதவியல்ல, அடுத்த ஜனாஸாவுக்கு அத்திவாரம். கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இடம்பெயரச் சொன்னால் மக்கள் மறுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பள்ளிவாசல், மத்ரஸா, மையவாடி, சொந்தபந்தம் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும்போது, நான்கு குடும்பத்தைப் பிரித்துத் தெரியாத ஊரில் போட்டால் யார் போவார்கள்? எனவே குடும்பம் குடும்பமாக அல்ல, மஹல்லாவாக இடம்பெயரும் திட்டத்தைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பிரதேச செயலகங்களும் சேர்ந்து வகுக்க வேண்டும். காணி தேடும் வேலை அடுத்த பருவமழைக்கு முன்னர் தொடங்க வேண்டும். அயலிலுள்ள சிங்கள, தமிழ் மக்களோடு சேர்ந்து இதைச் செய்தால் தேவையில்லாத சந்தேகங்களும் எழாது. மண்சரிவு இனம் பார்த்துச் சரிவதில்லை.

இரண்டாவது, எச்சரிக்கை. வளிமண்டலவியல் திணைக்களத்தினதும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தினதும் அறிவித்தல்கள் கிடைத்தவுடன் அவற்றைத் தமிழில், எளிய சொற்களில் ஊருக்குச் சொல்ல ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை என்றால் எந்த வீதியார் எங்கே போக வேண்டும், நடக்க முடியாத வாப்பா உம்மாவை யார் தூக்கிச் செல்வது என்பது மழைக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். டித்வாவின்போது சமைத்துக் கொடுப்பதிலும் வீடு கழுவுவதிலும் நமது இளைஞர்கள் இன, மத பேதமின்றி முன்னணியில் நின்றார்கள். அதே உழைப்பில் பத்திலொரு பங்கை முன்கூட்டியே செலவிட்டால் சமைக்க வேண்டிய பார்சல்களும் குறையும்.

மூன்றாவது, சக்தி. பள்ளிவாசல் கூரைகள் பெரியவை. பகல் வெயிலில் மின்சாரம் எடுத்து, மின்கலத்தில் சேமித்து இஷாவுக்குப் பயன்படுத்தினால் மின்பட்டியலும் குறையும், புயலில் ஊர் இருளும்போது தொலைபேசி சார்ஜ் செய்யவும் எச்சரிக்கை அறிவிக்கவும் வெளிச்சம் மிஞ்சும். இதனால் உலகின் சூடு தணிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நமக்குப் பலன் தரும் விடயம் வட்டத்தையும் அறுக்கும் பக்கத்தில் இருப்பது போதுமான காரணம்.

நான்காவது, பாடசாலை. நமது பாடப்புத்தகத்தில் பச்சைவீட்டு விளைவு ஓர் அலகு. மாணவன் அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறான். ஒரு மழைமானியை வாங்கிப் பாடசாலை முற்றத்தில் வைத்துத் தினமும் அளக்கச் செய்தால், எத்தனை மில்லிமீற்றரில் ஊர் ஓடை கரை தாண்டுகிறது என்பது இரண்டு வருடத்தில் அவனுக்கே தெரிந்துவிடும். அப்போது வானொலியில் '150 மில்லிமீற்றருக்கு மேல்' என்ற அறிவித்தல் வரும்போது அந்த எண்ணுக்கு அவன் வீட்டில் ஓர் அர்த்தம் இருக்கும்.

அந்த மாணவனுக்கு நான் கடைசியில் சொன்னதும் இதுதான். ஒன்றரைப் பாகையைப் பார்த்துப் பயப்படாதே, அந்த ஒன்றரை திரும்பி வந்து எதைக் கூட்டுகிறது என்று பார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சேர், பொத்தானைக் குறைக்கிறது ஆரு?" என்று கேட்டான்.

பெரிய பொத்தான்கள் வொஷிங்டனிலும் பீஜிங்கிலும் டில்லியிலும் ரியாதிலும் இருக்கின்றன. அவற்றைத் திருப்பும்படி கேட்கும் குரல் நம்மிடமிருந்தும் எழ வேண்டும். அதுவரை நமது ஊரின் ஒலிபெருக்கி, அடுத்த மழையிரவில் உயிர் காக்கும் அறிவித்தலைச் சரியான நேரத்தில் சொல்லத் தயாராக இருக்கிறதா என்பதை இந்த வெள்ளிக்கிழமையே உங்கள் பள்ளிவாசலில் கேட்டுப் பாருங்கள்.

டித்வாவில் உயிரிழந்த அனைவரின் குடும்பங்களுக்கும் வல்ல அல்லாஹ் பொறுமையைத் தருவானாக. படிப்பினை பெறுவோராக நம்மை ஆக்குவானாக.